தம் பிழை தாமே திருத்திய பெருமகனார் – பெஞ்சமின் பிராங்க்ளின் சரிதம்

கல்வியின் பயன் அறிவு என்பதும், அறிவின் பயன் ஒழுக்கம் என்பதும் ஆன்றோர் கொள்கை. ஆயினும், நூல் பல கற்றும் தம் குற்றம் தாம் காணாதார் பலரை உலகிற் காண்கின்றோம். நிரம்பக் கற்று, அக்கல்வியையே தம் குற்றம் காட்டும் கண்ணாடியாகவும் கொண்டவர் மிக அரியர். அவ்வரியவருள் ஒருவர், வட அமெரிக்காவிற் பிறந்து, 84 ஆண்டுகள் வாழ்ந்து, 1790ஆம் ஆண்டில் மறைந்த பெஞ்சமின் பிராங்க்ளின் என்பார். அவர்தம் சரிதத்தை நம் சங்கத்து அன்பர்க்கும் அவர்தம் மக்கட்கும் பயன்படுமாறு ஈண்டுச் சுருக்கிக் கூறப் புகுகின்றோம்.

மின்னலும் மின்சாரமும் ஒன்றே என்று காட்டியவர், இடிதாங்கியைக் கண்டவர், அமெரிக்க ஐக்கிய நாட்டின் விடுதலைக்கு உழைத்தவர் என்னும் புகழ் பலவும் அவர்க்கு உண்டு. அவற்றை விரித்துரைத்தல் எம் கருத்தன்று. அவர் தம்மை முதலும் முடிவும் ஓர் அச்சுத் தொழிலாளர் என்றே மதித்தார். அச்சுத் தொழிலில் பிழைதிருத்தம் என்றொன்று உண்டு. நம் பழம் பதிப்புக்களின் முதலிலோ இறுதியிலோ, இன்ன பக்கத்தில் இன்ன வரியில் இன்ன சொல் பிழைபட்டது, அதனை இவ்வாறு திருத்திப் படித்துக்கொள்க என்று பதிப்பித்தவர் வரிசையாகக் குறித்திருப்பதைப் பலரும் பார்த்திருப்பர். அச்சேறிய தாளிலுள்ள பிழையை மறைத்தல் இயலாது. அதனை ஒப்புக்கொண்டு திருத்தம் கூறுதல் ஒன்றே பதிப்பித்தவர் செய்யக்கூடியது. பிராங்க்ளின் தம் வாழ்க்கையிற் செய்த தவறுகளை இப்பெயராலேயே குறித்தார். 65 வயதில், 1771ஆம் ஆண்டில், தம் மகனை முன்னிலைப்படுத்தித் தம் வரலாற்றை எழுதத் தொடங்கியபோது, தம் பெருமைகளோடு பிழைகளையும் ஒன்றன்பின் ஒன்றாக எடுத்துக் காட்டினார்.

பிறப்பும் பள்ளியும்

அவர் 1706ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 17ஆம் நாள் பாஸ்டன் நகரத்திற் பிறந்தார். அந்நாளில் அந்நகரம் இங்கிலாந்தின் ஆட்சிக்கு உட்பட்ட குடியேற்ற நாட்டைச் சார்ந்திருந்தது. தந்தையார் ஜோசையா, இங்கிலாந்தில் சாயத்தொழில் செய்தவர். பாஸ்டனில் அத்தொழிற்குப் போதிய வேலை கிடையாமையால், கொழுப்பை உருக்கி மெழுகுவர்த்தி வார்ப்பதும் சவர்க்காரம் காய்ச்சுவதும் மேற்கொண்டு தம் பெருங்குடும்பத்தைக் காத்துவந்தார். இரு மனைவியர்பால் அவர்க்குப் பிறந்த மக்கள் பதினெழுவர். அவருள் ஆண்மக்களிற் கடைசியானவர் பெஞ்சமின்.

எட்டாம் வயதில் பள்ளிக்கு அனுப்பப்பட்டார். மகனை மதகுருவாக்க வேண்டுமென்பது தந்தையார் விருப்பம். செலவுக்கு ஆற்றாது ஓராண்டிற்குள் அப்பள்ளியினின்றும் நீக்கி, எழுத்தும் கணக்கும் மட்டும் கற்பிக்கும் வேறொரு பள்ளியிற் சேர்த்தார். ஆண்டு எழுத்து நன்கு வந்தது, கணக்கில் தேறவில்லை. பத்தாம் வயதில் பள்ளி முடிந்தது. திரி நூல் வெட்டுதலும் அச்சில் கொழுப்பு வார்த்தலும் அவர்க்குரிய பணியாயின. பள்ளிக்கூடம் அவர்க்கு அளித்த கல்வி இரண்டாண்டளவே என்பதை நம் இளைஞர் மனத்திற் கொள்க.

அவர்தம் சிறுபருவத்து நிகழ்ச்சி ஒன்று குறிக்கத்தக்கது. பிள்ளைகள் மீன் பிடிக்கும் சதுப்பு நிலத்தில் நிற்பதற்கு ஒரு கற்றுறை கட்ட வேண்டுமென்று பெஞ்சமின் கருதினார். அருகில் ஒருவர் வீடு கட்டக் கல் குவித்திருந்தார். மாலையில் வேலையாட்கள் அகன்றபின், இவர் தோழர்களைக் கூட்டி, எறும்புகள்போல் அக்கற்களைச் சுமந்து துறையைக் கட்டி முடித்தார். மறுநாள் உண்மை வெளிப்பட்டது. தாம் செய்தது பலர்க்கும் பயன்படும் வேலை என்று இவர் வாதாடினார். நேர்மையல்லாதது எதுவும் பயனுடையது ஆகாது என்பதைத் தந்தையார் அவர் மனம் ஒப்புமாறு விளக்கினார். முதுமையிலும் அவர் இதனை மறவாது எழுதிவைத்தார்.

நூலே ஆசிரியர்

மெழுகுவர்த்தித் தொழிலில் மகனுக்கு மனம் பற்றாமையைத் தந்தையார் கண்டார். அவரைக் கைப்பிடித்துத் தச்சர், கொத்தர், கடைசற்காரர், கன்னார் முதலியோர் வேலை செய்யும் இடங்கட்கு அழைத்துச் சென்று, எதில் விருப்பம் செல்கின்றதென்று கவனித்தார். நூல்களின்மேல் மகனுக்கிருந்த தீராத ஆசையைக் கண்டு, அச்சுக்கூடம் வைத்திருந்த மூத்த மகன் ஜேம்ஸிடம் அவரைத் தொழில் பயிலும்படி ஒப்படைத்தார். அப்போது பெஞ்சமினுக்கு வயது 12. 21 வயது முடியத் தமையனாரிடம் வேலை செய்வதாக ஒப்பந்தம் எழுதப்பட்டது.

அச்சுக்கூடத்தில் அமர்ந்தபின் நூல்கள் கைக்கு எட்டின. புத்தக வியாபாரிகளிடம் வேலை பயிலும் சிறுவர் சிலர் நண்பராயினர். அவர்கள் மாலையில் இரவலாக எடுத்துத்தரும் நூலை இரவெல்லாம் விழித்துப் படித்து, கடை திறக்குமுன் அழுக்குப் படாமல் திருப்பிக் கொடுப்பார். வீட்டிலிருந்த புளூடார்க்கின் பெரியோர் சரிதங்களை முன்னமே படித்திருந்தார். 16ஆம் வயதளவில், புலாலுணவை நீக்கல் நன்றெனக் கூறும் நூலொன்றைப் படித்து அவ்வாறே ஒழுகலானார். தம் உணவிற்காகத் தமையனார் செலவிடும் தொகையிற் பாதியைத் தம்மிடம் கொடுத்துவிட்டால் தாமே உண்டுகொள்வதாகப் பேசி முடித்தார். அப்பாதியிலும் பாதி மிஞ்சியது. அது நூல் வாங்கப் பயன்பட்டது. பிறர் உண்ணச் செல்லும் வேளையில் ஒரு துண்டு ரொட்டியும் சிறிது உலர்ந்த திராட்சையும் தின்று, எஞ்சிய நேரத்தைப் படிப்பிற் கழித்தார். பள்ளியில் இருமுறை தேறாத கணக்கைக் காக்கர் என்பார் எழுதிய கணக்கு நூலைக்கொண்டு தாமே கற்றுத் தேறினார்.

படித்ததோடு அவர் நின்றிலர். நண்பரொருவருடன் கடிதவாயிலாக வாதம் நிகழ்த்தியபோது, தந்தையார் அக்கடிதங்களைப் பார்த்து, எழுத்துப் பிழையின்மையில் மகன் மேம்பட்டிருப்பினும், சொல்லழகிலும் பொருளை முறைப்படுத்துவதிலும் குறைவுண்டு என்று இடங்காட்டி எடுத்துரைத்தார். அதனால் அவர் மனம் நோகவில்லை. குறையை நீக்கும் வழியைத் தேடினார். இலண்டனில் வெளிவந்த ஸ்பெக்டேட்டர் என்னும் பத்திரிகையின் தொகுதியொன்று கிடைத்தது. அதிலுள்ள கட்டுரையொன்றின் கருத்துக்களைச் சிறு குறிப்புக்களாக எழுதிக்கொள்வார்; சிலநாள் அதனை மூடிவைப்பார்; பின்னர் அக்குறிப்புக்களை மட்டும் கொண்டு கட்டுரையைத் தம் சொற்களால் எழுதுவார்; எழுதியதை மூலத்தோடு ஒப்பிட்டுத் தம் பிழைகளைக் கண்டு திருத்துவார். சிலவேளை குறிப்புக்களைக் கலைத்துப் போட்டு, வாரங்கள் சில சென்றபின் முறைப்படுத்திப் பார்ப்பார். காலையில் வேலை தொடங்குமுன்னும் இரவில் வேலை முடிந்தபின்னும் இது நடந்தது. ஆசிரியர் எவருமின்றித் தம் பிழையைத் தாமே காணும் பழக்கத்தை அவர் இவ்வாறு அடைந்தார். இப்பழக்கமே பின்னர் எழுத்தினின்றும் ஒழுக்கத்திற்குச் சென்றது என்பது எம் துணிபு.

பிழைகள்

இனி அவர்தம் பிழைகளைக் கூறுவாம். தமையனார் ஜேம்ஸ் ஒரு செய்தித்தாள் நடத்திவந்தார். 1722ஆம் ஆண்டில் பெஞ்சமின், ஒரு கைம்பெண் எழுதுவதுபோல் புனைபெயரிட்டு 14 கடிதங்களை எழுதி, ஒவ்வொன்றாக இரவில் அச்சுக்கூடக் கதவின்கீழ் நுழைத்துவைத்தார். எழுதியவர் யாரென்று அறியாமலே தமையனார் அவற்றைப் புகழ்ந்து அச்சிட்டார். உண்மை தெரிந்தபின் தம்பிக்குச் செருக்கும் தமையனார்க்கு வெறுப்பும் வளர்ந்தன. அரசாங்கத்தாரைக் குறைகூறி எழுதியதனால் ஜேம்ஸ் ஒரு மாதம் சிறையில் இருக்க நேர்ந்தது. அப்போது தம்பியே பத்திரிகையை நடத்தினார். பின்னர் ஜேம்ஸ் தம் பெயரால் பத்திரிகை வெளியிடக்கூடாதென்று தடை பிறந்தது. ஆகவே தம்பியின் பெயரால் வெளியிடத் துணிந்து, பழைய ஒப்பந்தத்தில் தம்பியை விடுவித்ததாக எழுதிக்கொடுத்து, எஞ்சிய காலத்திற்கு மறைவாக வேறொரு ஒப்பந்தம் எழுதி வாங்கினார். மறைவான ஒப்பந்தத்தைத் தமையனார் வெளியிற் காட்ட இயலாது என்பதைத் தம்பி அறிந்தார். பூசல் முற்றியபோது, அந்நிலையைத் தமக்கு வாய்ப்பாகக் கொண்டு, தாம் விடுதலை பெற்றவர் என்று கூறி வேலையினின்றும் விலகினார். தமையனார் கோபியும் அடிப்பவருமே. எனினும் அவர் இக்கட்டில் இருந்த காலத்து அவ்வாறு செய்தது நேர்மையன்று என்று பிராங்க்ளின் பின்னர்க் கருதினார். தம் வாழ்க்கையின் முதற்பிழையாக அதனையே எழுதினார்.

1723ஆம் ஆண்டில் நூல்கள் சிலவற்றை விற்று வழிச்செலவு தேடி, பெற்றோர் அறியாமல் கப்பலேறி, முடிவில் பிலடெல்பியா நகரத்தை அடைந்து, ஓர் அச்சுக்கூடத்தில் வேலைக்கமர்ந்தார். அடுத்த ஆண்டு பாஸ்டனுக்கு ஒருமுறை திரும்பியபோது, புத்தாடையும் கடிகாரமும் பூண்டு தமையனாரின் அச்சுக்கூடத்துட் சென்று, வேலையாட்கள் முன் வெள்ளிக்காசுகளைப் பரப்பிக்காட்டி, அவர்கள் குடித்து மகிழப் பணமும் கொடுத்து வந்தார். தம் ஆட்கள் முன் தம்மை இழிவு செய்ததாகத் தமையனார் மனம் கொதித்தார். உடன்பிறந்தார் பகை முதிர்வது பெரும்பாலும் இத்தகைய சிறு செருக்குக்களாலன்றோ!

அப்பயணத்திற்றானே இரண்டாம் பிழை விளைந்தது. வெர்னன் என்னும் நண்பர், பென்சில்வேனியாவில் தமக்கு வரவேண்டிய 35 பவுன் அளவான கடன்தொகையை வாங்கி, தாம் கேட்குமளவும் வைத்திருக்கும்படி பிராங்க்ளினிடம் ஒப்புவித்தார். தொகை கைக்கு வந்தது. உடன்வந்த பழைய நண்பர் காலின்ஸ் என்பார் மதுவுக்கு அடிமையானவர். அவர்க்கு இரங்கிச் சிறிது சிறிதாக அப்பணத்தை எடுத்துக் கொடுத்தார். காலின்ஸ் அதனைத் திருப்பித் தரவேயில்லை. வெர்னன் எந்நாள் கேட்பாரோ என்னும் அச்சம் பிராங்க்ளினை நெடுநாள் வாட்டியது. பிறர் பொருளைக் காப்பவர், இரக்கத்தின் பொருட்டேனும் அதில் கை வைக்கலாகாது என்பதற்கு இஃதொரு சான்று.

மூன்றாவது பிழை பெண்ணொருவர் பொருட்டாயது. பிலடெல்பியாவில் டெபோரா ரீட் என்னும் நங்கையும் இவரும் ஒருவரையொருவர் விரும்பினர். அப்போது அந்நாட்டின் கவர்னர், இவர்க்குத் தனி அச்சுக்கூடம் வைத்துக்கொடுப்பதாகவும், தளவாடம் வாங்க இலண்டன் சென்றால் கடன் உறுதிக் கடிதங்கள் தருவதாகவும் ஆசை காட்டினார். நம்பிக் கப்பலேறி 1724ஆம் ஆண்டு டிசம்பரில் இலண்டன் சேர்ந்தபோது, கடிதம் ஒன்றும் இல்லை என்பது தெரிந்தது. ஆண்டு அச்சுக்கூடங்களில் வேலை செய்து காலங்கழித்தார். டெபோராவுக்கு ஒரே ஒரு கடிதம் எழுதினார். அதுவும் விரைவில் திரும்பும் நோக்கமில்லை என்று தெரிவிப்பது. அந்நங்கை உறவினர் வற்புறுத்தலால் ரோஜர்ஸ் என்னும் குயவரை மணந்தார். அவரோ வேறு மனைவியுடையவர் என்று பேசப்பட்டது. கடன்பட்டு ஊரைவிட்டும் ஓடிப்போனார். டெபோராவின் துயர்க்குத் தாமே பெரிதும் காரணமென்று பிராங்க்ளின் வருந்தினார். இலண்டனிற் செய்த வேறொரு தகாச்செயலையும் அவர் மறையாது எழுதியுள்ளார். குடும்பத்தார் படிக்கும் இவ்வெளியீட்டில் அதனை யாம் விரித்திலேம்.

நான்காவது, கல்வியே காரணமான பிழை. 19ஆம் வயதில், நல்வினை தீவினை என்னும் வேறுபாடே இல்லையென்று வாதிக்கும் சிறுநூலொன்றை எழுதி 100 படிகள் அச்சிட்டார். தருக்கத்தில் குற்றமில்லாததுபோல் அது தோன்றியது. ஆயினும் அக்கொள்கையை மேற்கொண்ட நண்பர் தமக்கு இழைத்த தீங்கையும், தாம் டெபோராவுக்கும் வெர்னனுக்கும் இழைத்ததையும் எண்ணிப் பார்த்தபோது, உண்மைபோல் தோன்றும் அது நன்மை பயப்பதன்று எனத் தெளிந்தார். எஞ்சிய படிகளிற் பெரும்பாலனவற்றை எரித்துவிட்டார். நூலறிவு செருக்காக மாறின் வரும் கேட்டை அவர் கண்ட இடம் இதுவே.

திருத்தங்கள்

1726ஆம் ஆண்டில் பிலடெல்பியாவுக்குத் திரும்பினார். இரண்டாண்டில் கூட்டாளி ஒருவருடன் சொந்த அச்சுக்கூடம் திறந்தார். வெர்னன் தம் பணத்தை நினைப்பூட்டிக் கடிதம் எழுதினார். பிராங்க்ளின் உண்மையை மறையாது ஒப்புக்கொண்டு சிறிது தவணை கேட்டார். கையில் பணம் சேர்ந்தவுடன் முதலும் வட்டியுமாக நன்றியோடு செலுத்தினார். 1730ஆம் ஆண்டு செப்டம்பர் முதல்நாள் டெபோராவையே மனைவியாராக ஏற்றார். ஓடிப்போன கணவர் உயிரோடு இருப்பின் வழக்கு வருமென்னும் அச்சமும், அவர் கடன் தம்மேல் வீழுமென்னும் அச்சமும் இருந்தும் பின்வாங்கிலர். பத்தாண்டுக்குப்பின் தமையனாரைத் தேடி நியூபோர்ட் நகரம் சென்றார். ஜேம்ஸ் அப்போது நோயால் மெலிந்திருந்தார். பழம்பகை மறந்து இருவரும் அன்புற்றனர். தாம் இறந்துபடின் தம் பத்து வயது மகனை அழைத்துச் சென்று அச்சுத் தொழில் பழக்க வேண்டுமென்று தமையனார் வேண்டினார். 1735ஆம் ஆண்டில் அவர் மறைந்தபின், பிராங்க்ளின் அச்சிறுவனைச் சில ஆண்டு பள்ளியிற் படிக்கவைத்துத் தொழிலும் பழக்கி, தாயாரின் அச்சுக்கூடத்தை அவன் ஏற்கும் வயதில் புதிய எழுத்துக்களையும் வாங்கிக் கொடுத்தார். தமையனார்க்குத் தாம் முடித்துக் கொடாத வேலைக்காலத்தை அவர் மகனுக்கு இவ்வாறு ஈடுசெய்தார்.

சங்கம் நடத்துவோர் கருதத்தக்க செய்தி ஒன்றும் உண்டு. 1727ஆம் ஆண்டில் தொழிலாளரும் எழுத்தருமான நண்பர்களைக் கூட்டி, வெள்ளிதோறும் மாலையிற் கூடி நல்ல பொருள்களை ஆராயும் கழகமொன்றை நிறுவினார். உறுப்பினர் தத்தம் நூல்களை ஓரறையிற் கொணர்ந்து வைத்தால் யாவரும் படிக்கலாமென்று ஏற்பாடு செய்தார். கவனிப்பாரின்றி நூல்கள் கெட்டமையால், ஓராண்டளவில் அவரவர் தத்தம் நூலைத் திரும்ப எடுத்துச் சென்றனர். முயற்சி தவறியதென்று அவர் சோர்ந்திலர். தவறு எங்குளதென்று ஆராய்ந்து, 1731ஆம் ஆண்டில் 50 பேரிடம் முதலில் 40 ஷில்லிங்கும் பின் ஆண்டுதோறும் 10 ஷில்லிங்கும் சந்தா பெற்று, பொதுப்பணத்தால் நூல் வாங்கி, முறையாகக் காக்கும் வாசகசாலையை அமைத்தார். சந்தாக்காரரைத் தேடி அலைந்தபோது வேறொரு பாடமும் கற்றார். ஒரு நற்காரியத்தைத் தம் பெயரால் முன்னிட்டால் அயலார்க்கு அழுக்காறு பிறக்கின்றது என்று கண்டு, நண்பர் பலர் கூடிச் செய்யும் முயற்சி என்றே கூறலானார். அதன்பின் காரியம் எளிதில் நடந்தது. அவ்வாசகசாலையில் நாள்தோறும் ஓரிரு மணிநேரம் படித்து, பள்ளியில் தாம் இழந்த கல்வியை ஈடுசெய்தார். 1733 முதல் பிரெஞ்சு, இத்தாலியம், ஸ்பானியம் ஆகிய மொழிகளையும் தாமே கற்றார்.

தம் ஒழுக்கத்தையும் அவர் அச்சுப்படி பார்ப்பதுபோற் பார்த்தார். அடக்கம், ஒழுங்கு, சிக்கனம், முயற்சி, வாய்மை முதலாக 13 நற்குணங்களை வரிசைப்படுத்தி, ஒரு சிறு புத்தகத்திற் கட்டங்கள் வரைந்து, நாள்தோறும் இரவில் எக்குணத்திற் பிழைத்தாரோ அக்கட்டத்திற் கரும்புள்ளி இட்டார். வாரத்திற்கு ஒரு குணமாக 13 வாரத்தில் ஒரு சுற்று. ஓராண்டில் நான்கு சுற்று. பழைய புள்ளிகளைச் சுரண்டிச் சுரண்டித் தாள் ஓட்டையாயிற்று. பின்னர்த் தந்தத் தகடுகளில் எழுதி, ஈரப் பஞ்சால் துடைத்துக்கொண்டார். தாம் எண்ணியதினும் பிழை மிகுதியாயிருத்தல் கண்டு வியந்தார். ஒழுங்கு என்னும் குணம் இறுதிவரை அவர்க்குக் கைவரவில்லை. முதலில் அவர் எழுதியவை 12 குணங்களே. அவர் செருக்குடையார் என்று ஊரார் கருதுவதை நண்பரொருவர் சான்றுகளோடு எடுத்துரைக்க, பணிவு என்பதைப் பதின்மூன்றாவதாகச் சேர்த்தார். தம் கண்ணுக்குப் படாத பிழையைக் காட்டுபவர் நண்பரே என்பதை இதனால் அறியலாம்.

திருத்த முடியாத பிழை

எல்லாப் பிழையும் திருத்தத்திற்கு இடங்கொடுப்பதில்லை. 1736ஆம் ஆண்டில், நான்கு வயது நிரம்பிய அவர்தம் அருமை மகன் பிரான்சிஸ் பெரியம்மையால் மாண்டான். ஜென்னர் என்பாரின் பசுவம்மைப்பால் முறை 1796ஆம் ஆண்டிலேதான் தோன்றியது. அதற்கு முன், அம்மை கண்டவரின் கொப்புள நீரைச் சிறிதெடுத்து நலமுள்ளாரின் தோலிற் கீறிச் செலுத்தி, நோயை எளிதாக வருவித்துக் காக்கும் முறை வழங்கிற்று. அம்முறையின் நன்மையைப் பிராங்க்ளின் அறிந்திருந்தும், குழந்தை வயிற்றுப்போக்கினின்று தேறிவந்த காலமாதலின் தள்ளிப்போட்டார். நோய் முந்திக்கொண்டது. அம்மை குத்தியதனாலேயே குழந்தை இறந்தான் என்று ஊரிற் பேச்சு எழுந்தபோது, குத்தவேயில்லை என்னும் உண்மையைத் தம் பத்திரிகையில் வெளியிட்டார். பிறர் அம்முறைக்கு அஞ்சி விலகலாகாது என்பது அவர் கருத்து. 1759ஆம் ஆண்டில் இலண்டன் மருத்துவர் ஹெபர்டன் என்பாருடன் சேர்ந்து, அம்மை குத்துதலின் பயனை விளக்கும் சிறுநூலொன்றையும் வெளியிட்டார். அரை நூற்றாண்டிற்குப் பின்னும் அத்துயர் ஆறாதவராய், பெற்றோர்க்கு எச்சரிக்கையாகத் தம் வரலாற்றில் அதனைக் குறித்தார். தம் பிழையாற் பட்ட துயரைப் பிறர் படாமற் காத்தல் ஒன்றே ஈண்டு அவர் செய்யக்கூடிய திருத்தமாயிற்று.

அவர் பட்டியலில் ஏறாத பிழையும் உண்டு. அரசியற் பணியின் பொருட்டு 1764ஆம் ஆண்டின் இறுதியில் இலண்டன் சென்றவர், மனைவியார் நோயுற்றுப் பலமுறை அழைத்தும் திரும்பிலர். டெபோரா அம்மையார் 1774ஆம் ஆண்டு டிசம்பரில், கணவரைப் பத்தாண்டு காணாமலே உயிர் நீத்தார். விடுதலைப் போரில் ஆங்கில அரசரின் பக்கம் நின்ற மகன் வில்லியத்தோடும் அவர் மனமார ஒன்றுபடவில்லை. பெரியோர் சரிதத்தில் குறையை மறைத்தல் அவர்க்குச் செய்யும் சிறப்பு ஆகாது ஆதலின் இதனையும் கூறினோம்.

கூட்டத்தோடு செய்யும் பிழை

இதுகாறும் கூறிய பிழைகள் அவர் தனியே செய்தவை. அவற்றினும் பெரியதொன்றை அவர் நாட்டார் அனைவரோடும் சேர்ந்து செய்தார். ஆப்பிரிக்க மக்களை அடிமைகளாக விற்பதும் வாங்குவதும் அக்காலத்து அங்கே நாள்தோறும் நடந்த வாணிகம். பிராங்க்ளினின் பத்திரிகை அடிமை விற்பனை விளம்பரங்களை வெளியிட்டது. அவர் இல்லத்திலும் அடிமைகள் இருந்தனர். 1751ஆம் ஆண்டில் எழுதிய கட்டுரையொன்றில், அடிமைகள் பெரும்பாலும் இயற்கையிலேயே திருடர் என்னும் பொருள்பட ஒரு சொல் எழுதினார். தாம் பிறந்த கூட்டத்தார் எல்லாரும் செய்யும் பிழை பிழையென்றே கண்ணுக்குப் படுவதில்லை. தன் பிழையைப் புள்ளியிட்டுத் தேடிய கண்ணுக்கும் இது புலப்படவில்லை.

1763ஆம் ஆண்டில், பிலடெல்பியாவில் கறுப்பினக் குழந்தைகட்கென அறக்கழகத்தார் நடத்திய பள்ளிக்கு அவர் நேரிற் சென்றார். குழந்தைகள் படிப்பதைக் கண்டார். பிள்ளைகளின் அறிவுக் கூர்மையும் நினைவாற்றலும் வெள்ளையர் குழந்தைகட்கு எவ்வாற்றானும் குறைந்தனவல்ல என்று தெளிந்து, தாம் முன்பு கொண்டிருந்த எண்ணம் மாறியதை அக்கழகத்தார்க்கு எழுதினார். 1769ஆம் ஆண்டில் அப்பழைய கட்டுரை மீண்டும் அச்சேறியபோது, அத்தொடரைத் திருத்தினார். திருட்டு அம்மக்களின் இயற்கையால் வருவதன்று, அடிமைத்தனத்தின் இயல்பால் வருவது என்று பொருள் மாறிற்று. அச்சில் அது சிறு திருத்தமே. ஒரு மக்கட் கூட்டத்தின்மேல் ஏற்றிய பழியை எடுத்து, அவர்க்குக் கொடுமை இழைத்தவர்மேல் வைத்த திருத்தம் அது.

செயல் அச்சொல்லைத் தொடர நெடுநாள் ஆயிற்று. 1787ஆம் ஆண்டில், தம் 81ஆம் வயதில், அடிமைத்தனத்தை ஒழிக்க முயன்ற பென்சில்வேனியாச் சங்கத்திற்குத் தலைவரானார். அவ்வாண்டிலேயே கூடிய அரசியல் நிருணய சபையில் இப்பொருளை வற்புறுத்தாது விட்டார் என்பதும் உண்மை. 1790ஆம் ஆண்டு பிப்ரவரியில், அடிமை வாணிகத்தையும் அடிமைத்தனத்தையும் ஒழிக்க வேண்டுமென்னும் விண்ணப்பத்திற் கையொப்பமிட்டுக் காங்கிரஸ் சபைக்கு அனுப்பினார். சபை அதனை ஏற்றிலது. ஏப்ரல் 17ஆம் நாள் அவர் உயிர் நீத்தார். அடிமைத்தனம் அந்நாட்டில் சட்டத்தால் ஒழிந்தது 1865ஆம் ஆண்டிலேயாம். காலம் தாழ்ந்த திருத்தமேயாயினும், நோயுற்ற படுக்கையிற் கிடந்தும் அதனைக் கைவிடாமை கருதத்தக்கது.

முடிவுரை

இளமையில் அவர் தம் கல்லறைக்கென ஒரு வாசகம் எழுதியதுண்டு. அதில் தம் உடலை உள்ளேடுகள் கிழிந்துபோன பழைய நூலின் மேலுறைக்கு ஒப்பிட்டு, ஆக்கியோனாற் செப்பம் செய்யப்பெற்றுப் புதிய பதிப்பாக மீண்டும் வருதலாகிய நம்பிக்கையை வெளியிட்டார். முடிவில் அவ்வாசகத்தை விடுத்து, தம் பெயரும் மனைவியார் பெயரும் ஆண்டும் மட்டுமே பொறிக்கப் பணித்தார். 1785ஆம் ஆண்டில், அவர் பெயர் பூண்ட சிற்றூரார் தம் கோயிலுக்கு மணியொன்று வேண்டியபோது, மணிக்குப் பதிலாக நூல்களை அளிக்க ஏற்பாடு செய்தார் என்பதும் ஈண்டு நினையத்தக்கது.

அன்பர்காள்! வாசகசாலை வைத்தலும், பிள்ளைகட்கு உதவிச்சம்பளம் கொடுத்தலும் சங்கங்கட்கு உரிய நற்பணிகளே. ஆயினும் நூல்களின் எண்ணிக்கையும் தேறியவர் எண்ணிக்கையும் பெருகினால் மட்டும் கல்வி நிரம்பிவிடாது. படித்த இளைஞர் உடன்பிறந்தாரோடு கொண்ட பூசலைத் தீர்க்கின்றாரா? நம்பி ஒப்புவித்த பொருளைக் காக்கின்றாரா? வாக்களித்த பெண்ணைக் கைவிடாதிருக்கின்றாரா? குழந்தைக்குச் செய்யவேண்டிய காப்பைத் தள்ளிப்போடாது செய்கின்றாரா? இவையே கல்வியை அளக்கும் அளவுகோல்கள்.

இவற்றினும் அரிய வினா ஒன்று உண்டு. குலத்தின் பெயராற் கூடும் எந்தச் சங்கமும் தன் உறுப்பினரின் தனிப்பிழையை எளிதிற் காணும். குலத்தார் அனைவரும் ஒருங்கே செய்யும் பிழையைக் காண்பது அரிது. தம்மினும் தாழ்ந்தார் என்று கருதப்படுவோரை இயற்கையிற் குறையுடையார் என்று பேசுதல் எக்குலத்தார் நாவிலும் எளிதில் ஏறும் சொல். அச்சொல் நம் வீடுகளிற் பிறக்குமாயின், அதனைச் சொல்லுமுன் பிராங்க்ளின் சென்றதுபோல் அம்மக்களின் பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்கு ஒருமுறை சென்று பார்ப்போமாக. 63 வயதில் தம் எழுத்தை அவர் திருத்தினார். 81 வயதில் தம் செயலைத் திருத்தினார். அச்சேறிய நூலுக்கும் பிழைதிருத்தம் உண்டு. உயிரோடிருக்கும் மனிதர்க்குத் திருத்திக்கொள்ளக் காலம் கழிந்ததாக எண்ணிச் சோர்வதற்கு இடமே இல்லை. நம் மக்கள் நன்கு கற்று, கற்றதனால் தம் பிழை கண்டு, கண்ட பிழையைத் தம் கையாலேயே திருத்தி வாழ்வாராக.